குளிர் அறிந்த இயந்திரம் மூச்சை அறியாது

வைகாசி பிறந்துவிட்டால் திருகோணமலையில் கச்சான் காற்றின் ஆட்சி. தென்மேல் பருவக்காற்று தன் ஈரத்தையெல்லாம் மலைநாட்டில் மழையாகக் கொட்டிவிட்டு, மறுபுறம் இறங்கும்போது வறண்டு, சூடேறிக் கிழக்குக் கரைக்கு வந்து சேர்கிறது. சுற்றிலும் கடல் இருந்தும் அந்த மாதங்களில் பகல் வெப்பநிலை 35 பாகையை எட்டுவது இங்கு வழமை. அப்பொழுது உட்துறைமுக வீதியிலும் டொக்யார்ட் வீதியிலும் ஓடும் கார்களைக் கவனித்துப் பாருங்கள். ஏறக்குறைய எல்லாவற்றினதும் கண்ணாடிகள் மூடியிருக்கும். உள்ளே முன்பலகையில் ஒரு சிறு திரை. அதில் ஓர் எண். அதனருகே 'ஓட்டோ' என்று எழுதிய ஒரு பொத்தான்.

நம் நாட்டில் ஓட்டோ என்றால் முச்சக்கரவண்டி. அதில் குளிரூட்டி இல்லை. ஆனால் காற்றுக்குப் பஞ்சமில்லை. காரில் உள்ள 'ஓட்டோ' இதற்கு நேர்மாறானது. குளிருக்குப் பஞ்சமில்லை, காற்றைப் பற்றித்தான் பேசவேண்டியிருக்கிறது. அதைப் பேசுவதற்காகவே இதை எழுதுகிறேன்.

நான் கலைப்பிரிவுப் பட்டதாரி, பொறியியலாளன் அல்லன். ஆனால் முப்பது ஆண்டுகளாகச் செய்தியறையில் இருப்பவனுக்குச் சில வாக்கியங்கள் மனப்பாடமாகிவிடும். அவற்றுள் ஒன்று, "சாரதிக்கு ஏற்பட்ட நித்திரைக் கலக்கமே விபத்துக்குக் காரணமெனத் தெரியவருகிறது" என்பது. அதிகாலை மூன்று மணிக்கும் ஐந்து மணிக்கும் இடையில், விமான நிலையத்துக்குப் போன அல்லது அங்கிருந்து திரும்பிய வான் ஒன்று லொறியுடன் மோதிய செய்தியின் கடைசி வரி பெரும்பாலும் அதுவாகவே இருக்கும். அந்த வரியோடு செய்தி முடிந்துவிடுகிறது. கேள்வி அங்கேதான் தொடங்கவேண்டும் என்பது என் கட்சி. சாரதி எத்தனை மணித்தியாலம் உறங்காமல் இருந்தார் என்பது முதற் கேள்வி. அவர் எந்தக் காற்றைச் சுவாசித்துக்கொண்டிருந்தார் என்பது இரண்டாவது கேள்வி. இந்த இரண்டாவதை எவரும் கேட்பதில்லை. ஏனென்றால், காற்றை 'ஓட்டோ' பார்த்துக்கொள்ளும் என்று நாம் எல்லோரும் நம்பிக்கொண்டிருக்கிறோம்.

அந்த நம்பிக்கை சரியா என்று பார்க்க, இந்த இயந்திரம் என்ன செய்கிறது என்பதைச் சற்று அறிந்துகொள்ள வேண்டும்.

காருக்குள் குளிர் என்பது புதிய கதையன்று. அமெரிக்காவின் பக்கார்ட் நிறுவனம் 1939ஆம் ஆண்டின் இறுதியில், மறு ஆண்டுக்கான கார்களில் குளிரூட்டியைப் பொருத்தி விற்பனைக்கு அறிவித்தது. அதில் வெப்பநிலையைக் கட்டுப்படுத்த ஒரு வழியும் இருக்கவில்லை. குளிர் அதிகம் என்றால் விசிறியைக் குறைக்கலாம். முற்றாக நிறுத்துவதற்கு வண்டியை ஓரங்கட்டி, எஞ்சின் மூடியைத் திறந்து, கொம்பிரசரின் பட்டியைக் கழற்ற வேண்டும்! அதன்பின் கால் நூற்றாண்டு கழித்து, 1964ஆம் ஆண்டின் கடிலாக் கார்களில்தான், வேண்டிய வெப்பநிலையை ஒரு முறை சொல்லிவிட்டால் மிகுதியைத் தானே கவனித்துக்கொள்ளும் ஏற்பாடு வந்தது. அன்று செல்வந்தரின் ஆடம்பரமாக இருந்தது, இன்று உவர்மலையில் ஓர் ஆசிரியரின் வீட்டு முற்றத்தில் நிற்கும் சிறு ஜப்பான் காரிலும் இருக்கிறது.

குளிர் பிறக்கும் முறை வீட்டிலுள்ள குளிர்சாதனப் பெட்டியின் முறைதான். ஒரு வாயுவைக் கொம்பிரசர் அழுத்துகிறது. அழுத்தத்தில் சூடான வாயு, றேடியேற்றருக்கு முன்னால் இருக்கும் ஒடுக்கியில் தன் வெப்பத்தை வெளிக்காற்றுக்குக் கொடுத்துவிட்டுத் திரவமாகிறது. அத்திரவம் ஒடுங்கிய துவாரம் ஒன்றினூடாகப் பீறி, முன்பலகைக்குப் பின்னால் இருக்கும் 'கூலிங் கொயிலில்' மீண்டும் ஆவியாகிறது. ஆவியாவதற்கு வேண்டிய வெப்பத்தை, அக்கொயிலைக் கடந்து போகும் காற்றிடமிருந்து அது பிடுங்கிக்கொள்கிறது. காற்றிலுள்ள ஈரமும் கொயிலில் நீர்த்துளிகளாகப் படிந்து வெளியேறுகிறது. கார் நின்ற இடத்தில் சொட்டும் தண்ணீர் அதுதான்.

இனி நம்மில் பலர் அறியாத செய்தி. திரையில் 18 என்று வைத்தால் 18 பாகைக் காற்று வரும், 25 என்று வைத்தால் 25 பாகைக் காற்று வரும் என்பது பொது நம்பிக்கை. அப்படியன்று. அந்த எண் வெளிவரும் காற்றின் வெப்பநிலை அன்று. காரின் உட்புறம் எந்த வெப்பநிலையை அடையவேண்டும் என்று நாம் இடும் கட்டளை. கொம்பிரசர் எஞ்சினின் பட்டியில் ஓடும் பெரும்பாலான கார்களில், நாம் எந்த எண்ணை வைத்தாலும் கூலிங் கொயில் உறைநிலைக்குச் சற்று மேலான குளிரிலேயே வைக்கப்படுகிறது. உறைந்து பனிக்கட்டியாகிவிட்டால் காற்றுப் போக வழியிராது என்பதால், அதைக் காவல்காக்க ஓர் உணரியும் அங்கே இருக்கிறது. அந்தக் கடுங்குளிர்க் காற்றில் ஒரு பங்கை, எஞ்சினின் சுடுநீர் ஓடும் இன்னொரு குழாய்த்தொகுதியின் ஊடாகச் செலுத்திச் சூடாக்கி, மறு பங்குடன் கலப்பதுதான் தந்திரம். எவ்வளவு குளிர், எவ்வளவு சூடு என்று தீர்மானிப்பது ஒரு சிறு கதவு. அதை அசைப்பது ஒரு சிறு மோட்டார். அந்த மோட்டாருக்கு உத்தரவு கொடுப்பதுதான் 'ஓட்டோ'.

ரொயோட்டா பிரியஸ் காரின் 2003ஆம் ஆண்டு வெளிவந்த இரண்டாம் தலைமுறையிலிருந்து, கொம்பிரசரையே மின்சாரத்தில் ஓட்டும் முறை வந்தது. நம் வீதிகளில் நிறைந்துள்ள அக்குவாவும் அந்த வழியில் வந்ததே. இவற்றில் தேவை குறைந்தால் கொம்பிரசரின் வேகமும் குறையும். ஆகவே 25 என்று வைப்பது உண்மையாகவே எரிபொருளை மிச்சப்படுத்தும்.

உத்தரவு கொடுக்க விபரம் வேண்டும். அதற்காகக் காரின் பல இடங்களில் உணரிகள் வைக்கப்பட்டிருக்கின்றன. ஒன்று, ஸ்ரியறிங்குக்கு அருகே சிறு துவாரங்களுக்குப் பின்னால் ஒளிந்திருந்து, உட்காற்றைச் சிறிது சிறிதாக உறிஞ்சி அதன் வெப்பத்தை அளக்கிறது. இன்னொன்று முன்புற பம்பருக்குப் பின்னாலிருந்து வெளிவெப்பத்தை அளக்கிறது. மூன்றாவது, முன்கண்ணாடியின் அடியில் முன்பலகையின் மேல் கறுப்புப் பொட்டுப் போல் இருக்கும் ஒளியுணரி. வெயிலின் கடுமையைச் சொல்வது அதன் வேலை. உள்வெப்பம் ஒரே அளவாக இருந்தாலும், வெயில் நேரே முகத்தில் அடிக்கும்போது மனிதனுக்குக் கூடுதல் குளிர் வேண்டும் என்பதை அறிந்து செய்த ஏற்பாடு அது. மெச்சத்தக்க நுட்பம்.

ஆனால் நாம் அதை எப்படி நடத்துகிறோம்? அந்தக் கறுப்புப் பொட்டு இருக்கும் இடம்தான் நம் ஊரில் காரின் பூசையறை. பிள்ளையாரும் அதன்மேல்தான் எழுந்தருளுவார், மாதாவும் அங்கேதான், புனித வசனம் பொறித்த பலகையும் அங்கேதான். எவரையும் குறை சொல்லவில்லை. இரண்டு விரற்கடை தள்ளி வைத்தால் போதும் என்றுதான் சொல்கிறேன். முன்பலகை முழுவதையும் துணியால் போர்த்தியவர்களும் உண்டு. அந்தக் கார்களுக்கு நண்பகலிலும் நள்ளிரவுதான். வெயிலே இல்லை என்று நம்பி அமைப்பு குளிரைக் குறைக்கிறது. "ஓட்டோ சரியில்லை" என்று நாம் எண்ணைக் குறைக்கிறோம்.

கடலோர நகரத்தில் இன்னொரு தொல்லை உப்புக் காற்று. முன்னால் நிற்கும் ஒடுக்கியின் மெல்லிய அலுமினியத் தகடுகளை அது அரிக்கிறது. வயர்களின் இணைப்புகளிலும் பூஞ்சணம் போல் பச்சை படிகிறது. பெரும்பாலான வெப்பவுணரிகள், குளிர் கூடக்கூட மின்தடையும் கூடும் வகையைச் சேர்ந்தவை. வயர் அறுந்தால் தடை எல்லையற்றதாகிவிடும். அதைக் கணினி எப்படி வாசிக்கும்? வெளியே துருவக் குளிர் என்று! பல புதிய அமைப்புகள் இப்பிழையைக் கண்டுபிடித்து, ஏதோ ஒரு நடுத்தர எண்ணை எடுத்துக்கொண்டு சமாளிக்கும். பழையவற்றில் கச்சான் காலத்து உச்சிவெயிலில் சுடுகாற்று வீசினாலும் வியப்பதற்கில்லை. இலங்கையில் 2020 மார்ச்சில் தடைப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. அந்த ஐந்து ஆண்டுகளும் நாம் இருந்த கார்களையே ஒட்டுப்போட்டு ஓட்டினோம். உணரி பழுதானால் மாற்றுவதற்குப் பதிலாக, "அதை விடுங்கோ, கையால போடுங்கோ" என்று சொல்லி அனுப்புவது கராஜ்களின் வழக்கமாகிவிட்டது. இவ்வாறு 'ஓட்டோ' கொஞ்சம் கொஞ்சமாகக் குருடாகிறது.

இவையெல்லாம் சௌகரியம் பற்றிய விடயங்கள். உயிர் பற்றிய விடயம் இனித்தான் வருகிறது.

காருக்குள் வரும் காற்று இரண்டு வழிகளில் ஒன்றால் வருகிறது. ஒன்று, வெளியிலிருந்து புதிதாக. மற்றையது, உள்ளே இருக்கும் காற்றையே மீண்டும் மீண்டும் சுழற்றி. காரின் படமும் அதற்குள் வளைந்த அம்புக்குறியும் போட்ட பொத்தான் இரண்டாவதற்குரியது. 35 பாகை வெளிக்காற்றைக் குளிர்விப்பதைவிட, ஏற்கெனவே குளிர்ந்த உட்காற்றை மேலும் குளிர்விப்பது எளிது. எனவே வெயிலில் நின்ற காரை இயக்கியதும் 'ஓட்டோ' தானாகவே உட்காற்றுச் சுழற்சியைத் தெரிவு செய்யும். உள்ளே நாம் கேட்ட வெப்பநிலை நெருங்கியதும் வெளிக்காற்றுக் கதவைத் திறக்கும். வடிவமைத்தவர்களின் எண்ணம் அதுதான்.

நாம் கேட்ட வெப்பநிலை நெருங்காவிட்டால்? இங்கேதான் அந்த எண்ணின் தீமை இருக்கிறது. 25 என்று வைத்தவரின் காரில் பத்துப் பதினைந்து நிமிடத்தில் இலக்கு நெருங்கும், கதவும் திறக்கும். 18 என்று வைத்தவரின் கார் கச்சான் காலத்தில் ஒருபோதும் இலக்கை அடையாது. அடையாதவரை, பல அமைப்புகளில் உட்காற்றே சுழன்றுகொண்டிருக்கும். இன்னும் கீழே 'லோ' என்ற எழுத்துகள் வரும் வரை குறைப்பவர் உண்டு. அந்த இடத்தில் பல வாகனங்கள் கணக்குப் போடுவதையே நிறுத்திவிட்டு, முழுக் குளிரும் முழு விசிறியும் என்று ஒரே நிலையில் நின்றுவிடும். இதில் இன்னொரு பேதைமையும் உண்டு. கொதிக்கும் காரில் 18 வைத்தாலும் 25 வைத்தாலும் முதல் நிமிடங்களில் இயந்திரம் தன் முழுப் பலத்தையும்தான் பயன்படுத்துகிறது. எண்ணைக் குறைப்பதால் ஒரு கணமும் முன்னதாகக் குளிராது.

போதாததற்கு, வெளிப்புழுதிக்கும் புகைக்கும் அஞ்சி, அந்த வளைந்த அம்புக்குறிப் பொத்தானைக் கையால் அழுத்திவிட்டு மறந்துபோவோர் ஏராளம். அப்படி அழுத்திவிட்டால் பல வாகனங்களில் 'ஓட்டோ' அந்த விடயத்தில் தலையிடாது. எசமானின் கட்டளை என்று விட்டுவிடும்.

இப்போது இரவு பதினொரு மணிக்குத் திருகோணமலையிலிருந்து கட்டுநாயக்கா புறப்படும் ஒரு கேடிஎச் வானை எண்ணிப் பாருங்கள். கனடாவுக்குத் திரும்பும் மகளை வழியனுப்பப் போகும் குடும்பம். ஆச்சி, சித்தப்பா, மச்சான்மார், மடியில் பிள்ளைகள் என்று சாரதியுடன் பன்னிரண்டு பேர். கொழும்புக்கு ஏறக்குறைய 260 கிலோமீற்றர். விமான நிலையமும் அவ்வழிதான். கந்தளாய்க்கும் ஹபரணைக்கும் இடையில் யானைகள் வீதிக்கு வரும் காடு. கண்ணாடியைத் திறக்க எவரும் விரும்பார். பின்னிருக்கைகளுக்கென்று கூரையில் பொருத்தப்பட்ட குளிரூட்டியோ வெளிக்காற்றை எடுப்பதே இல்லை. உள்ளே இருப்பதையே உறிஞ்சிக் குளிர்வித்துத் திருப்பி ஊதுகிறது. முன்புறத்தில் சாரதியும் உட்சுழற்சியில் விட்டிருந்தால், அந்த வான் ஒரு மூடிய பெட்டி.

கணக்கைப் பார்ப்போம். சும்மா அமர்ந்திருக்கும் ஒரு வளர்ந்த மனிதர் நிமிடத்துக்கு ஏறக்குறைய 0.3 லீற்றர் காபனீரொட்சைட்டை வெளிவிடுகிறார். பன்னிரண்டு பேருக்கு 3.6 லீற்றர். வானின் உட்புறக் கொள்ளளவு சுமார் 7,000 லீற்றர் என்று கொள்வோம். காற்றுக் கசிவே இல்லையென்றால், உள்ளே காபனீரொட்சைட்டின் அளவு ஒவ்வொரு நிமிடமும் மில்லியனில் 500 பங்கு என்ற வீதத்தில் ஏறும். வெளிக்காற்றில் இருப்பது மில்லியனில் 420 பங்கை அண்டிய அளவு. பத்தே நிமிடத்தில் உள்ளே 5,000ஐத் தாண்டிவிடும். பல நாடுகளில், எட்டு மணித்தியால வேலைநாளுக்குத் தொழிற்சாலைகளில் அனுமதிக்கப்படும் மேல் எல்லை அதுதான். ஓடும் வாகனத்தில் கதவு இடுக்குகளால் கொஞ்சம் காற்று வந்து போகும். ஆதலால் ஏற்றம் இதைவிட மெதுவாகவே இருக்கும். ஆனால் பயணமோ ஐந்தாறு மணித்தியாலம்.

இந்த அளவுகள் ஒருவரைக் கொன்றுவிடா. சோம்பல், தலைப்பாரம், மந்தம் ஆகியவற்றையே தரும். அமெரிக்காவில் 22 பேரைக் கொண்டு நடத்தப்பட்டு 2012இல் வெளிவந்த ஓர் ஆய்வு, மில்லியனில் 2,500 பங்கு காபனீரொட்சைட்டு உள்ள அறையில் இருந்தோரின் தீர்மானம் எடுக்கும் ஆற்றல் பல வகைகளில் கடுமையாகக் குறைந்ததாகக் கண்டது. பின்னர் வந்த ஆய்வுகள் யாவும் அதே முடிவைத் தரவில்லை என்பதையும் சொல்லவேண்டும். எனவே வீதி விபத்துகளுக்கெல்லாம் குளிரூட்டியே காரணம் என்று நான் வாதிட வரவில்லை. பகலில் மூன்று ஓட்டம் ஓடிவிட்டு இரவில் நான்காவது ஓட்டத்துக்கு வந்த சாரதியை எந்தத் தூய காற்றும் காப்பாற்றாது. அவருக்கு வேண்டியது உறக்கம். ஆனால் ஏற்கெனவே களைத்திருப்பவரை, காற்றும் இருண்டு குளிரும் இதமாக இருக்கும் ஒரு பெட்டிக்குள் அடைத்துவைத்து, பன்னிரண்டு உயிர்களை அவர் கையில் கொடுப்பது எந்த வகைப் புத்திசாலித்தனம்? ஒரு பொத்தானை அழுத்தினால் நீங்கக்கூடிய இடர் அது.

'ஓட்டோ' இதை ஏன் தடுக்கவில்லை? அதற்குத் தெரியாது. அவ்வளவுதான். அதன் உணரிகளை மேலே எண்ணிச் சொன்னேன்: உள்வெப்பம், வெளிவெப்பம், வெயில், கொயிலின் குளிர். மனிதர் விடும் மூச்சை அளக்கும் உணரி சாதாரணக் கார்களில் இல்லை. சில விலையுயர்ந்த கார்களில் வெளியிலுள்ள புகையை மோப்பம் பிடிக்கும் உணரி உண்டு. அது செய்வதும் கதவை மூடுவதைத்தான்! உள்ளே இருப்பவர்களுக்குக் காற்றுப் போதுமா என்று அதுவும் கேட்பதில்லை. 24 பாகை என்று திரை காட்டினால், இயந்திரத்தைப் பொறுத்தவரை எல்லாம் நலம்.

இதே அறியாமை வேறு இடங்களிலும் உயிர் வாங்கும். எஞ்சினை ஓடவிட்டு, குளிரூட்டியைப் போட்டுக்கொண்டு, நிறுத்திய காருக்குள் உறங்குவோர் இருக்கிறார்கள். புகைக்குழாயில் ஓர் ஓட்டை இருந்தால், அல்லது மூடிய கராஜில் கார் நின்றால், காபனோரொட்சைட்டு உள்ளே வரும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. குளிரூட்டிக்கும் அதைத் தெரியாது. அதேபோல், "இரண்டு நிமிடத்தில் வந்துவிடுவேன்" என்று குளிர்ந்த காரை நிறுத்திவிட்டுப் பிள்ளையை உள்ளே விட்டுச் செல்வது. எஞ்சின் நின்றவுடன் 'ஓட்டோ'வும் நின்றுவிடுகிறது. மூடிய காரில் வெப்பம் ஏறுவதன் பெரும்பகுதி முதல் அரை மணித்தியாலத்துக்குள்ளேயே நடந்துவிடுகிறது. கண்ணாடியை ஒரு விரலளவு திறந்து விடுவதால் பயன் சொற்பம் என்பதும் அளந்து அறியப்பட்ட உண்மை.

வாடைக்காற்றோடு மழை வரும் ஐப்பசி, கார்த்திகையில் வேறொரு காட்சி. கண்ணாடியின் உட்புறம் புகார் பிடித்து முன்னால் ஒன்றும் தெரியாது. கைக்குட்டையால் துடைத்துத் துடைத்து ஓட்டுவார்கள். மூச்சின் ஈரம் வெளியேற வழியில்லாமல் கண்ணாடியில் படிவதுதான் அது. வெளிக்காற்றைத் திறந்து, குளிரூட்டியையும் போட்டால், கொயில் ஈரத்தைப் பிடுங்கிக்கொள்ளும். கண்ணாடி சில நிமிடங்களில் தெளியும். மழைக்காலத்தில் குளிரூட்டி எதற்கு என்று கேட்பவர்களுக்கு இதுவே பதில்.

எரிபொருளைப் பற்றியும் ஒரு வார்த்தை. சீனன்குடாவில் பிரித்தானியர் கட்டிவிட்டுப் போன 99 எண்ணெய்த் தாங்கிகள் நிற்கும் மாவட்டம் இது. ஆயினும் 2022இல் நாமும் மற்றவர்களைப் போலவே வரிசையில் நின்றோம். அவ்வாண்டு யூலையில் வந்த பங்கீட்டில் ஒரு காருக்கு வாரத்துக்கு 20 லீற்றர் கிடைத்தது. அப்போது குளிரூட்டியை நிறுத்தி ஓட்டக் கற்றுக்கொண்டவர்கள், வரிசை போனதும் அந்தக் கல்வியையும் மறந்துவிட்டார்கள். கடும் வெப்பத்தில், குறிப்பாகக் குறுந்தூரப் பயணங்களில், குளிரூட்டி ஒரு காரின் எரிபொருட் சிக்கனத்தை 25 வீதத்துக்கும் மேல் குறைக்கக்கூடும் என்பது அமெரிக்க எரிசக்தித் திணைக்களத்தின் கணிப்பு. புறப்பட்ட முதல் ஒரு நிமிடம் கண்ணாடிகளை இறக்கி, கொதிக்கும் காற்றை வெளியே விட்டபின் குளிரூட்டியைப் போட்டால், செலவும் குறையும், விரைவாகவும் குளிரும்.

'காஸ் அடிப்பது' என்று நாம் சொல்லும் வேலையிலும் பொறுப்பு வேண்டும். இன்னும் பெரும்பாலான கார்களில் உள்ள ஆர்-134ஏ என்ற வாயு, நூறாண்டுக் கணக்கில் காபனீரொட்சைட்டைப் போல் 1,430 மடங்கு வலிமையாகப் புவியைச் சூடாக்கும் என்று கணக்கிடப்பட்டது. ஒரு காரில் இருக்கும் அரைக் கிலோவைக் காற்றில் திறந்துவிடுவது, 300 லீற்றர் பெற்றோலை எரிப்பதற்குச் சமம். அதாவது அந்தப் பங்கீட்டுக் காலத்துக் காரொன்றின் பதினைந்து வாரப் பெற்றோல். இவ்வகை வாயுக்களைக் குறைக்கும் கிகாலி திருத்தத்தை இலங்கை 2018இல் அங்கீகரித்தது. வருடந்தோறும் காஸ் அடிக்க வேண்டியிருந்தால் எங்கோ கசிகிறது என்று பொருள். கசிவை அடைக்காமல் மீண்டும் நிரப்பித் தரும் கராஜை மாற்றுங்கள்.

இவ்வளவும் நமக்கு ஏன் தெரியாமற் போயிற்று? காரணம் எளியது. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் திருகோணமலைத் துறைமுகத்தின்மேல் குண்டு வீசின. அது ஜப்பானின் முதல் வருகை. இரண்டாம் வருகை, ஜப்பானில் சில காலம் ஓடியபின் இங்கு இறக்குமதியான கார்களின் வடிவில் நிகழ்ந்தது. அக்கார்களோடு வரும் கையேடு ஜப்பானிய மொழியில் இருக்கிறது. பல கார்களில் அதுவும் வருவதில்லை. இலட்சக்கணக்கான ரூபாய் கொடுத்து வாங்கும் பொருளை எப்படிப் பாவிப்பது என்று, வாங்குபவர் அறிந்த மொழியில் ஒரு தாள்கூட அவர் கைக்கு வருவதில்லை. மிளகாய்த் தோட்டத்துக்கு வாங்கும் பூச்சிகொல்லிப் போத்தலில் மூன்று மொழிகளிலும் எச்சரிக்கை இருக்கிறது. வீட்டின் முழுச் சேமிப்பையும் விழுங்கிய வாகனத்துக்கு அது இல்லை. 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தத்தின் மூலம் தமிழும் அரச கரும மொழியாகிய நாட்டில் இது ஒரு குறையாகவே எவர் கண்ணிலும் படவில்லை. மொழியுரிமை என்றால் வீதிப் பெயர்ப்பலகையும் அரச கடிதத்தின் தலைப்பும் மட்டுமே என்று நினைத்துவிட்டோம். உயிர்காக்கும் அறிவு தாய்மொழியில் கிடைப்பதும் மொழியுரிமைதான்.

ஆகவே என் கோரிக்கை பெரிதன்று. வாகனம் விற்கும் ஒவ்வோர் இறக்குமதியாளரும் தமிழிலும் சிங்களத்திலும் இரண்டு பக்கக் கையேடு ஒன்றைக் கொடுக்க வேண்டும் என்று நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை விதிக்கலாம். சாரதி அனுமதிப்பத்திரத்துக்கான எழுத்துப் பரீட்சையில், உட்காற்றுச் சுழற்சி பற்றி ஒரேயொரு கேள்வியை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களம் சேர்க்கலாம். பணம் பெற்றுப் பயணிகளை ஏற்றும் வான்களில் அந்தப் பொத்தானுக்கு மேல் ஒரு சிறு ஒட்டுத்தாள் ஒட்டலாம். இவற்றுக்கு வெளிநாட்டுக் கடனுதவி வேண்டியதில்லை.

அரசு அசையும்வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. 25 அல்லது 26 என்று வைத்து, 'ஓட்டோ'வை அதன் போக்கில் விடுங்கள். முன்பலகையின் கறுப்புப் பொட்டை மறைக்காதீர்கள். கையறைப் பெட்டிக்குப் பின்னால் இருக்கும் காற்று வடிகட்டியை, மாற்றி எத்தனை வருடமாயிற்று என்று பாருங்கள். பலருடன் நெடுந்தூரம் போகும்போது வெளிக்காற்றைத் திறந்தே வைத்திருங்கள். பின்னால் மட்டும் குளிரூட்டி சுழலும் வான்களில், அரை மணிக்கொரு தடவை இரண்டு நிமிடம் கண்ணாடியைத் திறவுங்கள். யானைக் காடு வருமுன் ஒரு தடவை, கடந்தபின் ஒரு தடவை.

ரொறன்ரோவிலிருந்தும் லண்டனிலிருந்தும் சிட்னியிலிருந்தும் விடுமுறைக்கு வரும் உறவுகளுக்கும் இதைச் சொல்லவேண்டும். களைப்போடு வந்திறங்கி வானில் ஏறியதும், "தம்பி, ஏசியைக் கூட்டி விடுங்கோ" என்பதுதான் நம்மவரின் முதல் வார்த்தை. வான் ஓட்டும் தம்பியும் மறுவார்த்தை பேசாமல் எண்ணைக் குறைத்து, உட்சுழற்சியையும் போட்டுவிடுவார். வாடிக்கையாளரின் சொல் அல்லவா? இனிமேல் அதற்குப் பதிலாக இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "தம்பி, குளிர் போதும். வெளிக்காத்து கொஞ்சம் வர விடுங்கோ. நீங்கள் கடைசியா எப்ப நித்திரை கொண்டனீங்கள்?"

அந்தக் கேள்வியைக் கேட்க இயந்திரத்தில் உணரி இல்லை. பக்கத்து இருக்கையில் இருப்பவருக்கு வாய் இருக்கிறது.